கத்தோலிக்கர் – புராட்டஸ்டண்ட் போர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாறு பற்றிப் பேசப் போகும் இடங்களில், அது கல்லூரியானாலும் கோயில் இளைஞர் கூட்டமானாலும், ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டுகளைக் கேட்கிறார்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறவர்கள் வேறொரு கவலையோடு கேட்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்து எழுதிய பதில்கள் இவை. கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

1. இரண்டு பேரும் இயேசுவைத்தானே கும்பிடுகிறார்கள்? பிறகு எதற்கு இவ்வளவு ரத்தம்?

1517இல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டபோது, பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்பது சரியா என்பதுதான் பிரச்சினை. அங்கே தொடங்கிய வாதம் விரைவிலேயே அடிப்படைகளுக்குப் போய்விட்டது. மனிதன் மீட்படைவது விசுவாசத்தால் மட்டுமா, நற்செயல்களும் வேண்டுமா? இறுதி அதிகாரம் வேதாகமத்துக்கு மட்டுமா, திருச்சபையின் மரபுக்கும் போப்பாண்டவருக்கும் உண்டா? எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி நற்கருணை பற்றியது. கத்தோலிக்கருக்குத் திருப்பலியில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது. ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் வழியில் வந்த சபையாருக்கோ அந்த அப்பத்தின் முன் மண்டியிடுவது சிலை வழிபாடு.

நற்கருணைப் பவனி தெருவில் வரும்போது ஒருவன் தொப்பியைக் கழற்ற மறுத்தால், அண்டை வீட்டுக்காரர் அதை அவனுடைய சொந்த விஷயம் என்று விட்டுவிடவில்லை. ஊரின் மேலேயே கடவுளின் கோபத்தை இழுத்துவிடுகிறான் என்று நம்பினார். இதற்கு மேல், ஒரு நாட்டில் ஒரே மதம்தான் இருக்க முடியும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. வாதத்தைப் போராக்கியது இந்த எண்ணம்தான் என்பது என் உறுதியான கருத்து. கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

2. லூத்தர் கதவில் தாளை ஒட்டியதுமே போர் மூண்டுவிட்டதா?

இல்லை. இரு தரப்பும் படை திரட்டி எதிரெதிரே நின்ற முதல் இடம் ஜெர்மனிகூட இல்லை, சுவிட்சர்லாந்து. 1529இல் காப்பெல் என்ற ஊரருகே சூரிக் நகரத்தின் சீர்திருத்தப் படையும் கத்தோலிக்க மாவட்டங்களின் படையும் சந்தித்தன. தலைவர்கள் சமரசம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், எல்லைக் கோட்டில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, கத்தோலிக்க வீரர்கள் பால் ஊற்ற, சூரிக் வீரர்கள் ரொட்டி போட, எல்லோருமாகச் சுற்றி அமர்ந்து உண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பால் கஞ்சியின் கதை சுவிஸ் மக்களுக்கு இன்றும் மனப்பாடம். ஆனால் 1531இல் அதே காப்பெலில் உண்மையாகவே போர் நடந்தது. சூரிக்கின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிளி களத்திலேயே கொல்லப்பட்டார்.

ஜெர்மனியில் பெரும் போர் 1546இல்தான் வந்தது. லூத்தர் அதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துவிட்டார். ஜெர்மானியச் சிற்றரசர்களுக்கு மேலாக இருந்த கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1547இல் மூல்பர்க் போரில் வென்றார். ஆனால் வென்ற நாட்டைப் பழைய மதத்துக்குத் திருப்ப அவரால் முடியவில்லை.

3. அரசன் எந்த மதமோ அதுதான் மக்களின் மதம் என்று சட்டமே இருந்ததாமே?

இருந்தது. 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் செய்த உடன்படிக்கை அது. ஜெர்மானியச் சிற்றரசர்கள் ஒவ்வொருவரும் கத்தோலிக்க மதத்தையோ லூத்தரன் மதத்தையோ தம் ஆட்சிப் பகுதிக்குத் தேர்ந்தெடுக்கலாம். மனம் ஒப்பாத குடிமகன் சொத்தை விற்றுவிட்டு வேறு பகுதிக்குப் போகலாம். இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகப்படும். ஆனால் தப்பறைக்காரன் (திருச்சபைக்கு மாறான போதனையை நம்புகிறவன்) என்று எரிக்கப்படுவதற்குப் பதிலாக மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்பது அந்தக் காலத்துக்கு உண்மையிலேயே ஒரு படி மேல்.

குறை இரண்டு இடங்களில் இருந்தது. கால்வினைப் பின்பற்றியவர்களுக்கு அதில் இடமே இல்லை. அடுத்தது, நாடாளும் கத்தோலிக்க ஆயர் மதம் மாறினால் பதவியை விட வேண்டும் என்ற விதியை லூத்தரன் தரப்பு முழுமனதாக ஏற்கவில்லை. ஹைடல்பர்க்கைத் தலைநகராகக் கொண்ட பாலட்டினேட் மக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆட்சியாளர்கள் மாற மாற, ஒரு தலைமுறைக்குள் அவர்கள் லூத்தரனிலிருந்து கால்வினியராகி, மறுபடி லூத்தரனாகி, மறுபடி கால்வினியரானார்கள்.

4. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மனைவியைத் தள்ளிவைக்கத்தானே புது மதம் தொடங்கினார்?

போப்பாண்டவரிடமிருந்து பிரிந்ததற்கு அது காரணம். 1534இல் தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அறிவித்துக்கொண்டார். ஆனால் லூத்தரின் போதனைகளை அவர் கடைசிவரை வெறுத்தார். 1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். மூவர் புராட்டஸ்டண்ட் போதகர்கள். அவர்கள் தப்பறைக்காக எரிக்கப்பட்டார்கள். மூவர் கத்தோலிக்கக் குருக்கள். அரசரின் தலைமையை ஏற்காத துரோகத்துக்காக அவர்கள் தூக்கிலிடப்பட்டு வெட்டப்பட்டார்கள். ஒரு கத்தோலிக்கரையும் ஒரு புராட்டஸ்டண்டையும் ஒரே தட்டியில் சேர்த்துக் கட்டித் தெரு வழியே இழுத்துச் சென்றார்கள்.

அவருக்குப் பிறகு மகள் மேரி கத்தோலிக்க மதத்தை மீட்டு, 1555 முதல் 1558 வரை ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகளை எரித்தார். அடுத்து வந்த எலிசபெத்தை 1570இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் சபைநீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அந்த ஆணை ஆங்கிலக் கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் ராஜதுரோகச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. 1585 முதல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற குரு இங்கிலாந்தில் கால் வைப்பதே மரண தண்டனைக் குற்றம்.

நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர், இயேசு சபைச் சகோதரர், கத்தோலிக்கர் வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலும் அடுப்படிச் சுவரின் பின்னாலும் குருக்கள் ஒளிந்துகொள்ளச் சந்துகளை அமைத்தார். பகலில் ஊரறிய ஏதோ மரவேலை, இரவில் தனியாக இந்த வேலை. 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்கவில்லை.

5. பர்த்தலமேயு நாள் படுகொலை முன்கூட்டியே திட்டமிட்டதா, இல்லை தானாக வெடித்ததா?

இரண்டும் கலந்தது. பிரான்சில் 1562இல் வாசி என்ற ஊரில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த ஹியூகனாட்டுகளை, அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளை, கத்தோலிக்கரான கீஸ் பிரபுவின் ஆட்கள் வெட்டிச் சாய்த்ததிலிருந்து உள்நாட்டுப் போர் விட்டுவிட்டு நடந்தது. சமாதானத்துக்காகவே 1572 ஆகஸ்ட் 18 அன்று அரசரின் தங்கை மார்கரீத்துக்கும் ஹியூகனாட்டுத் தலைவர் நவார் ஹென்றிக்கும் திருமணம் நடந்தது. புராட்டஸ்டண்டு பிரபுக்கள் பாரிசில் நிறைந்திருந்தார்கள். 22ஆம் தேதி அவர்களுடைய தளபதி கொலினியை ஒருவன் ஜன்னலிலிருந்து சுட்டுக் காயப்படுத்தினான். பழிவாங்கல் வரும் என்று அஞ்சிய அரசவை, ஹியூகனாட்டுத் தலைவர்களை ஒழித்துவிட இரவோடு இரவாக முடிவு செய்தது. அது திட்டம்.

24ஆம் தேதி விடியுமுன் மணி அடித்தது. கொலினியைக் கொன்று ஜன்னல் வழியே தெருவில் எறிந்தார்கள். அதன் பிறகு நடந்தது எந்த அரசவையின் பிடியிலும் இல்லை. கத்தோலிக்கர் என்று அடையாளம் தெரியக் கையில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் அண்டை வீடுகளுக்குள் புகுந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. பாரிசில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அடுத்த வாரங்களில் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ரோமில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி நன்றி வழிபாடு நடத்தி, நினைவுப் பதக்கமும் அடித்தார். இதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை.

கொலைக்குத் தப்பிய நவார் ஹென்றியே பிறகு அரசரானார். 1593இல் கத்தோலிக்கராக மாறினார். 1598இல் நாந்து ஆணை மூலம் ஹியூகனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். 1610இல் கத்தோலிக்க வெறியன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான்.

6. முப்பதாண்டுப் போர் ஜன்னலிலிருந்து ஆளைத் தள்ளியதால் தொடங்கியது என்பது உண்மையா?

உண்மை. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில், தேவாலயங்கள் கட்டும் உரிமையைப் பறித்ததாகக் கொதித்த பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டண்டு பிரபுக்கள், பேரரசர் தரப்பு ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் மூவரும் பிழைத்தார்கள். அன்னை மரியா தாங்கிக்கொண்டார் என்றது ஒரு தரப்பு. கீழே குப்பை மேடு இருந்தது என்றது மறு தரப்பு.

1620இல் வெள்ளை மலைப் போரில் பொஹீமியர் தோற்றார்கள். மறு ஆண்டு பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த இடத்தில் தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளை இன்றும் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் கத்தோலிக்கர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதோடு நின்றிருக்க வேண்டிய போரை டென்மார்க்கும் சுவீடனும் பிரான்சும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நீட்டின. 1631 மே மாதம் பேரரசரின் படை புராட்டஸ்டண்டு நகரமான மாக்டபர்க்கைப் பிடித்தபோது நகரமே எரிந்து ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். ஆனாலும் போர் முழுவதிலும் வாளால் செத்தவர்களைவிட, படைகள் தின்று தீர்த்த ஊர்களில் பட்டினியாலும் கொள்ளைநோயாலும் செத்தவர்களே அதிகம்.

7. கத்தோலிக்கக் கர்தினாலே புராட்டஸ்டண்டு படைக்குப் பணம் கொடுத்தார் என்கிறார்கள். அப்படியானால் மதம் வெறும் சாக்குத்தானே?

பிரான்சின் முதலமைச்சராக இருந்த கர்தினால் ரிஷ்லியூ கொடுத்தது உண்மை. 1631இல் சுவீடன் அரசர் கஸ்டாவ் அடால்ஃபுடன் ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 4,00,000 தாலர் தர பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. 1635இல் தானே களத்தில் இறங்கியது. பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பம் பிரான்சைச் சுற்றி வளைத்திருந்ததே அவருடைய கவலை. மறுபக்கம், லூத்தரன் நாடான சாக்சனி 1620இல் பேரரசருக்காகவே போரிட்டது.

ஆனால் இதைக் காட்டி ‘எல்லாம் அரசியல்’ என்று முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. அதே ரிஷ்லியூ 1628இல் உள்நாட்டு ஹியூகனாட்டுகளின் லா ரொஷேல் நகரைப் பட்டினி போட்டுப் பணியவைத்தவர். பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்தையெல்லாம் திருப்பித் தர 1629இல் ஆணையிட்டது அரசியல் கணக்கில் பெரும் தவறு. நண்பர்களையும் அது எதிரிகளாக்கியது. கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று நம்பியதால் செய்தார். முதல் பதிலில் சொன்னதை நினைவில் வையுங்கள். மதமும் ஆட்சியும் ஒன்று என்று நினைத்தவர்களிடம் ‘இது மதமா, அரசியலா’ என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

8. நேராகச் சொல்லுங்கள், யார் அதிகம் கொன்றார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தன் தரப்பு குறைவாகக் கொன்றது என்று கேட்க விரும்புகிறவர்தான் கேட்கிறார். பர்த்தலமேயு நாளும் மாக்டபர்க்கும் கத்தோலிக்கர் கணக்கில் இருக்கின்றன. 1567இல் மிக்கேல் திருநாளை ஒட்டி நீம் நகரில் கத்தோலிக்கரைப் புராட்டஸ்டண்டுகள் கொன்றார்கள். 1572இல் நெதர்லாந்தின் கோர்க்கமில் பிடிபட்ட குருக்களும் துறவிகளுமாக 19 பேரை, நற்கருணையையும் போப்பாண்டவரையும் மறுதலிக்காததற்காகத் தூக்கிலிட்டார்கள். 1649இல் அயர்லாந்தின் டிரோகெடாவில் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்டுத் தளபதி குரோம்வெல்லின் படை சரணடைந்தவர்களையும் கொன்றது.

இரண்டு தரப்பும் சேர்ந்து வேட்டையாடிய மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் தர வேண்டும் என்ற அனபாப்டிஸ்டுகள். அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸைப் புராட்டஸ்டண்டு சூரிக் 1527இல் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது. மூவொரு கடவுள் கோட்பாட்டை மறுத்த செர்வேட்டஸை 1553இல் கத்தோலிக்கரிடமிருந்து தப்பி வந்த இடத்தில், கால்வினின் ஜெனீவா எரித்தது.

9. கடைசியில் 1648இல் முப்பதாண்டுப் போர் முடிந்தபோது யார் வென்றார்கள்?

மதத்தைப் பொறுத்தவரை யாரும் வெல்லவில்லை. ஓஸ்னாபுரூக், மியூன்ஸ்டர் என்ற இரு நகரங்களில் பேச்சு நடந்து, அக்டோபர் 24 அன்று வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மீட்பு விசுவாசத்தாலா என்று அங்கே யாரும் விவாதிக்கவில்லை. 1624 ஜனவரி 1 அன்று எந்தக் கோயில் யாரிடம் இருந்ததோ அது அவரிடமே இருக்கட்டும் என்று ஒரு தேதியைக் குறித்தார்கள். அரசர் இனி மதம் மாறினாலும் அந்த நிலை மாறாது. கால்வினியருக்கும் இடம் கிடைத்தது. மூன்றாம் பதிலில் சொன்ன ஓட்டை அடைபட்டது. போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்ட் கண்டித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தச் சமாதானத்தின் அழகு அதன் சில்லறை விதிகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓஸ்னாபுரூக் மறைமாவட்டத்தை ஒரு முறை கத்தோலிக்க ஆயரும் அடுத்த முறை புராட்டஸ்டண்டு ஆட்சியாளருமாக மாறி மாறி ஆண்டார்கள். ஆக்ஸ்பர்க்கில் நகராட்சிப் பதவிகளை இரு சபையாருக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்நகரில் ஆகஸ்ட் 8 இன்றும் பொது விடுமுறை. 1629இல் புராட்டஸ்டண்டுகள் தங்கள் கோயில்களை இழந்த அதே தேதியை, 1650 முதல் சமாதானத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். சாக்சனியின் பவுட்சன் நகரப் பேராலயத்தில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சீர்திருத்தக் காலத்திலிருந்தே பீடப் பகுதியில் கத்தோலிக்கரும் முன்கூடத்தில் லூத்தரன்களும் ஒரே கூரையின் கீழ் வழிபடுகிறார்கள். நடுவில் ஒரு தடுப்பு, ஆளுக்கொரு வழிபாட்டு நேரம்.

10. சாதாரண மக்கள் அன்றாடம் எப்படிச் சமாளித்தார்கள்?

நாட்காட்டியிலிருந்தே தொல்லை தொடங்கியது. 1582இல் போப்பாண்டவர் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். வானியல் கணக்கு சரி என்று தெரிந்தும், போப்பாண்டவர் சொன்னதற்காகவே புராட்டஸ்டண்டு நாடுகள் மறுத்தன. இரு சபையாரும் வாழ்ந்த ஆக்ஸ்பர்க்கில் இது 1584இல் தெருக் கலவரமாகவே வெடித்தது. ஜெர்மானியப் புராட்டஸ்டண்டுகள் 1700இலும் இங்கிலாந்து 1752இலும்தான் ஏற்றார்கள். அதுவரை பத்து, பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு கிறிஸ்துமஸ்.

ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கரின் பொது வழிபாட்டுக்குத் தடை. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மாடியில் கோயில் வைத்துக்கொண்டால் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. அப்படி ஒரு வணிகர் வீட்டு மேல்தளத்தில் பீடமும் பாடகர் மாடமுமாக அமைந்த கோயில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

11. 1648க்குப் பிறகு எல்லாம் முடிந்ததா?

பெரும் போர்கள் ஏறக்குறைய முடிந்தன, துன்புறுத்தல் முடியவில்லை. ஐந்தாம் பதிலில் வந்த நாந்து ஆணையை 1685இல் பதினான்காம் லூயி ரத்து செய்தார். சுமார் 2,00,000 ஹியூகனாட்டுகள் நாட்டை விட்டு ஓடினார்கள். நெசவும் கடிகாரத் தொழிலும் தெரிந்த அந்தக் கைகளை லண்டனும் பெர்லினும் ஆம்ஸ்டர்டாமும் வரவேற்றன. இழப்பு பிரான்சுக்குத்தான்.

12. வட அயர்லாந்தில் நடந்ததும் மதச் சண்டைதானா?

பெயர்ப் பலகைதான் மதம். உள்ளே இருப்பது நிலமும் நாடும். 1609 முதல் அல்ஸ்டர் பகுதியில் ஐரியக் கத்தோலிக்கரின் நிலங்களைப் பறித்து ஸ்காட்டிய, ஆங்கிலப் புராட்டஸ்டண்டுகளைக் குடியேற்றினார்கள். 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்டு மன்னர் வில்லியம் பெற்ற வெற்றியை அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ஜூலை 12 அன்று அணிவகுத்துக் கொண்டாடுகிறார்கள். 1960களின் இறுதியிலிருந்து 1998 வரை ஏறத்தாழ 3,500 பேர் இறந்த மோதலில் கேள்வி, பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பது. வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் கத்தோலிக்கருக்கு இழைத்த அநீதி அதற்கு நெருப்பிட்டது. 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமையன்று உடன்படிக்கை வந்தது. அதுவும் ஒன்பதாம் பதிலில் சொன்ன வழியையே பின்பற்றியது: இரு சமூகமும் பங்கிட்டு ஆள வேண்டும். பெல்ஃபாஸ்ட்டில் இரு குடியிருப்புகளுக்கு நடுவே எழுப்பிய உயர்ந்த மதில்கள் பல இன்னும் இடிக்கப்படவில்லை.

13. இந்தச் சண்டை நம் பக்கம் வந்ததா?

வந்தது, அதுவும் கடுமையாக. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால்வினிய வழியினர். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், அவர்களுக்கு அடைக்கலம் தருவதை மரண தண்டனைக் குற்றமாக்கினார்கள், கோயில்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரசுப் பதவி வேண்டுமானால் அவர்களுடைய சபையில் சேர வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் குருவே இல்லாமல் வீட்டுக்குள் செபித்து விசுவாசத்தைக் காத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஏழையின் கோலத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார் சில்லாலையில் மறைந்திருந்து அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினார். பிறகு அவருக்குப் புகலிடம் தந்தது கண்டியின் பௌத்த அரசு. 2015இல் கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சோழ மண்டலக் கரையில் சண்டை தாளோடு நின்றது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லூத்தரன் சபையாரும் இயேசு சபையின் வீரமாமுனிவரும் நூலுக்கு நூல் மறுப்பு எழுதினார்கள். முனிவரின் ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ இரண்டும் அந்த வாதத்தில் பிறந்தவை. விட்டன்பர்க்கில் தொடங்கிய கேள்விகள் நல்ல தமிழ் உரைநடையில் விவாதிக்கப்பட்டதை அங்கே படிக்கலாம்.

14. இப்போது இரு சபையும் சமாதானமாகிவிட்டனவா? நாங்கள் திருமணம் செய்துகொண்டால் ஒன்றாக நற்கருணை வாங்கலாமா?

1999 அக்டோபர் 31 அன்று, அதே ஆக்ஸ்பர்க்கில், கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் மீட்பு பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் அருளால், விசுவாசத்தின் வழியாக வருகிறது என்பதில் இருவருக்கும் அடிப்படை ஒற்றுமை உண்டு என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரைச் சபித்த பழைய கண்டனங்கள் இந்தப் போதனைக்கு இனிப் பொருந்தாது என்றார்கள். இத்தனை உயிர்கள் போன பிறகு இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் துயரமும் சேர்ந்தே வந்தன.

நற்கருணைப் பிரச்சினை தீரவில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி சீர்திருத்தச் சபையார் சாதாரணமாகத் திருப்பலியில் நற்கருணை பெற இயலாது. மரண ஆபத்து போன்ற அரிய சூழ்நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. கலப்புத் திருமணத்துக்குக் கத்தோலிக்க ஆயரின் அனுமதி வேண்டும், அது வழக்கமாகக் கிடைக்கக்கூடியதுதான். கத்தோலிக்கப் பங்குக்குரு, சி.எஸ்.ஐ. போதகர் இருவரையும் நாள் குறிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

15. பிரிட்டன் அரசர் கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்று இன்னும் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1701ஆம் ஆண்டுச் சட்டம் அது. கத்தோலிக்கரை மணந்தாலே பட்டத்துரிமை போய்விடும் என்ற பகுதியை மட்டும் 2013இல் இயற்றிய சட்டம் நீக்கியது. 2023 மே 6 அன்று முடிசூட்டு விழாவில் மூன்றாம் சார்லஸ், தாம் உண்மையான புராட்டஸ்டண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறிய பிறகே கிரீடம் சூடினார்.